குளிர்ல தப்பின கோய் மீன் ஏப்ரல்ல ஏன் சாகுது?

பனிக்காலம் முழுக்க ஐஸுக்கு அடியில் அசையாமல் கிடந்த மீன், ஐஸ் உருகி, நல்ல வெயில் அடித்து, பிள்ளைகள் ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே ஓடுகிற வாரத்தில் செத்து மிதக்கும். டொராண்டோ, லண்டன், ஒஸ்லோ மாதிரி ஊர்களில் வீட்டுக்குப் பின்னால் கோய் குளம் வைத்திருக்கிற பலருக்கும் இது தெரிந்த கதைதான். "அவ்வளவு குளிரைத் தாங்கின மீன், இப்ப ஏன் செத்துச்சு?" என்று பிள்ளை கேட்டால், நம்மில் பாதிப் பேர் "ஏதோ வியாதி" என்று சொல்லிச் சமாளிப்போம்.

வியாதியும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கு. அது மீன் இல்லை, ஃபில்டர். அந்தப் பெட்டிக்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா கூட்டத்தைக் குளிர்ந்த தண்ணி என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால், ஏப்ரல் மாதச் சாவுகள் பலவற்றைத் தடுத்துவிடலாம்.

பனி ஊர்ல பிறந்த மீன்

முதலில் ஒரு விஷயம்: கோய்க்குக் குளிர் புதுசு இல்லை. ஜப்பானின் நீகாட்டா மாநிலத்து மலைக் கிராமங்கள்தான் அதன் பிறந்த ஊர். சாப்பாட்டுக்காக வயல்வெளிக் குளங்களில் வளர்த்த கெண்டை மீன்களில், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நிறம் மாறிய குஞ்சுகள் தென்பட ஆரம்பித்தன. அவற்றைப் பொறுக்கி எடுத்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்ததுதான் இன்றைய கோய். 1914-இல் டோக்கியோவில் நடந்த கண்காட்சியில் வைத்த பிறகுதான் வெளி உலகத்துக்கு இது பரவலாகத் தெரிய வந்தது. நீகாட்டா ஜப்பானிலேயே அதிகம் பனி விழுகிற இடங்களில் ஒன்று. கோடையில் மண் குளத்தில் வளர்கிற விலையுயர்ந்த மீன்களை, பனி விழும் முன்பே அங்கே கட்டடத்துக்குள் இருக்கிற குளங்களுக்கு மாற்றிவிடுகிறார்கள்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் கோய் 25, 30 வருஷம் வாழும். முதலாம் வகுப்பில் பிள்ளை பெயர் வைத்த மீன், அதே பிள்ளை யுனிவர்சிட்டி முடிக்கும்போதும் குளத்தில் இருக்கலாம். அதனால் இதை "போனா போகுது, இன்னொன்னு வாங்கலாம்" என்று விடுகிற விஷயமாக வீட்டுச் சின்னவர்கள் நினைக்க மாட்டார்கள்.

ஃபில்டருக்குள்ள யாரு வேலை பாக்குறாங்க?

மீன் சாப்பிடுகிற புரதத்தின் கழிவு அம்மோனியாவாக வெளியே வருகிறது. அதில் பெரும்பகுதி செவுள் வழியாகவே தண்ணிக்குள் போகும். அம்மோனியா மீனுக்கு விஷம், செவுளையே எரித்துவிடும். ஆற்றிலும் ஏரியிலும் இது கரைந்து போய்விடும். நம்ம குளம் சின்னது, மீன் அதிகம். அதனால்தான் ஃபில்டர்.

ஃபில்டரில் இருக்கிற ஸ்பாஞ்ச், பிரஷ், பிளாஸ்டிக் துண்டுகள் எல்லாம் குப்பையைப் பிடிக்க மட்டும் வைத்தவை இல்லை. அவை பாக்டீரியா குடியிருக்கிற வீடு. நைட்ரோசோமோனாஸ் போன்ற ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரோஸ்பைரா போன்ற இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு இருந்தால் மீனுக்குப் பெரிய ஆபத்து இல்லை. செடியும் பாசியும் அதை எடுத்துக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்களை செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி 1890-ஐ ஒட்டிய வருஷங்களில் பிரித்தெடுத்துக் காட்டினார். இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். மீன் தொட்டிகளில் அந்த வேலையை முக்கியமாகச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1990-களின் கடைசியில் நடந்த ஆய்வுகள் காட்டின. 2015-இல் இன்னொரு ஆச்சரியம்: நைட்ரோஸ்பைராவில் சில வகைகள் இரண்டு வேலையையும் தாங்களே செய்துவிடுகின்றன என்று கண்டுபிடித்தார்கள்.

இவர்களுக்கு மூன்று விஷயம் வேண்டும். நிறைய ஆக்சிஜன், ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற சுமார் நாலரை கிராம் ஆக்சிஜன் செலவாகும். தண்ணியில் காரத்தன்மை, அதே ஒரு கிராமுக்கு 7 கிராம் அளவுக்குக் கால்சியம் கார்பனேட் கணக்கில் கரையும். மூன்றாவது, வெதுவெதுப்பு. இந்த மூன்றாவதில்தான் நம்ம ஊர்க் குளிர் கைவைக்கிறது.

இட்லி மாவு சொல்லித் தர்ற பாடம்

இதைப் பிள்ளைக்கு விளக்கப் பெரிய அறிவியல் தேவையில்லை. உங்க சமையலறையிலேயே உதாரணம் இருக்கு. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இரவு கரைத்து வைத்த மாவு காலையில் பொங்கி வழியும். அதே மாவை ஜனவரி மாதம் இங்கே மேசை மேல் வைத்தால், காலையில் அப்படியே கல் மாதிரி இருக்கும். அவனுக்குள்ளே வைத்து லைட்டைப் போட்டுவிடுவோம். மாவில் இருக்கிற பாக்டீரியா செத்துப் போகவில்லை; குளிரில் சோம்பிக் கிடக்கு, அவ்வளவுதான். ஃபில்டர் பாக்டீரியா வேறு இனம், வேறு வேலை. ஆனால் குளிருக்கு அதுவும் இதே மாதிரிதான் நடந்துகொள்ளும்.

இந்த பாக்டீரியாக்கள் மிக வேகமாக வேலை செய்வது 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை. தண்ணி ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் வேகம் பாதியாகவோ அதற்கும் கீழேயோ இறங்கும். 10 டிகிரியில் (ஃபாரன்ஹீட்டில் 50) கோடைகால வேகத்தில் கால் பங்கு இருந்தாலே அதிகம். 5 டிகிரிக்குக் கீழே போனால், பல வருஷம் பழகின ஃபில்டரில் கொஞ்சம் நடக்கும்; புது ஃபில்டரில் நடப்பதாகவே தெரியாது. உறைந்துபோனால் மட்டும் பெரும்பகுதி செத்துவிடும். காய்ந்து போனாலும் அப்படித்தான். இவை விதை மாதிரி உறங்கிக் கிடக்கிற வித்துகளை உருவாக்கும் இனம் இல்லை.

இன்னொரு சிக்கல், பெருகும் வேகம். நம் வயிற்றில் இருக்கிற ஈ-கோலை மாதிரி பாக்டீரியா நல்ல சூழ்நிலையில் 20 நிமிஷத்தில் இரண்டாகும். ஃபில்டர் பாக்டீரியாவுக்கு நல்ல வெதுவெதுப்பிலேயே அரை நாளோ ஒரு நாளோ வேண்டும். குளிரில் பல நாள். அதனால்தான் கோடையில் ஆரம்பிக்கிற புது ஃபில்டர் தயாராக 4 முதல் 6 வாரம் ஆகிறது; குளிர்ந்த தண்ணியில் மாதக்கணக்கில் இழுக்கிறது.

இது குளத்துக்கு மட்டும் வந்த பிரச்சினையும் இல்லை. நகரத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற நிலையங்களும் இதே பாக்டீரியாக்களைத்தான் நம்பியிருக்கின்றன. வட அமெரிக்காவில் பல நிலையங்களுக்கு அம்மோனியா வரம்பு கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்போ குளிர்காலத்துல மீன் எப்படிப் பிழைக்குது?

நல்ல கேள்வி. குளிர் ஒரு கையால் எடுத்ததை இன்னொரு கையால் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறது.

முதலாவது, மீனும் தண்ணியின் சூட்டையே கொண்ட பிராணி. தண்ணி குளிர்ந்தால் அதன் உடம்பும் மெதுவாகும். சாப்பிடாது, அதிகம் நீந்தாது, அம்மோனியாவும் மிகக் குறைவாகத்தான் வெளியே விடும். தண்ணி 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தியோடு இருக்கும் என்பதால், மேலே ஐஸ் இருந்தாலும் ஆழமான குளத்தின் அடியில் ஓரளவு வெப்பமான ஓர் அடுக்கு தங்கிவிடும். மீன் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, அம்மோனியாவின் விஷமே குளிரில் குறைகிறது. தண்ணியில் அது இரண்டு வடிவத்தில் இருக்கும். அதில் ஒன்றுதான் கடுமையான விஷம். பி.எச் 8 இருக்கிற குளத்தில், 5 டிகிரியில் மொத்த அம்மோனியாவில் சுமார் 1 சதவீதம்தான் அந்த விஷ வடிவம். 20 டிகிரியில் அது கிட்டத்தட்ட 4 சதவீதம். பி.எச் 9-க்கு ஏறினால், அதே 20 டிகிரியில் கால் பங்குக்கும் மேலே போய்விடும்.

இப்போது ஏப்ரலுக்கு வாருங்கள்.

வசந்தத்தில் நடக்கிற ஓட்டப்பந்தயம்

நாலு நாள் நல்ல வெயில். தண்ணி 6 டிகிரியிலிருந்து 12, 13-க்கு ஏறுகிறது. மீனுக்கு உடம்பு சூடானதும் பசி வந்துவிடும். ஒரே நாளில் மேலே வந்து வாயைத் திறக்கும். பிள்ளைக்கும் ஆறு மாத ஆசை. டப்பாவைத் திறந்து கை நிறைய அள்ளிப் போடும். ஆனால் ஃபில்டரில் இருக்கிற கூட்டம் குளிர்காலத்தில் தீனி இல்லாமல் சுருங்கிப் போயிருக்கு. அது பழையபடி பெருக வாரக்கணக்கில் ஆகும். மீன் எழுந்துவிட்டது, ஃபில்டர் எழவில்லை.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 38 சதவீதம் புரதம் உள்ள தீனி 100 கிராம் போட்டால், சுமார் 3.5 கிராம் அம்மோனியா நைட்ரஜன் தண்ணிக்கு வரும். குளம் 10,000 லிட்டர் என்றால், ஒரு நாளைக்கு லிட்டருக்கு 0.35 மில்லிகிராம். ஃபில்டர் வேலை செய்யாவிட்டால் மூன்று நாளில் 1 மில்லிகிராம் தாண்டிவிடும். அதே வாரத்தில் தண்ணி சூடாகிறது, பாசி வளர்ந்து மத்தியானத்தில் பி.எச் ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து அந்த அம்மோனியாவை இன்னும் கொடிய விஷமாக்கும். காலையில் டெஸ்ட் பண்ணும்போது பரவாயில்லாமல் தெரிகிற தண்ணி, சாயங்காலம் ஆபத்தாக இருப்பது இப்படித்தான். அதனால் வசந்தகாலத்தில் பி.எச்-ஐ சாயங்காலமும் பாருங்கள்.

இதோடு முடியவில்லை. அம்மோனியாவை மாற்றுகிற கூட்டம் முதலில் விழித்துக்கொண்டு நைட்ரைட்டை உருவாக்க ஆரம்பிக்கும். அதைத் தின்கிற இரண்டாவது கூட்டம் பின்னால்தான் பெருகும். அம்மோனியா குறைந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது நைட்ரைட் ஏறும். நைட்ரைட் மீனின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினைக் கெடுத்துவிடும். ரத்தம் பழுப்பாகும். தண்ணியில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மேலே வந்து மூச்சுக்குத் திணறும். இதற்கு ஒரு கைமருந்து உண்டு: உப்பு. 1,000 லிட்டருக்கு 1 கிலோ வீதம் வெறும் உப்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால், உப்பில் இருக்கிற குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் நுழைய விடாமல் போட்டி போடும். தண்ணி மாற்றுகிற வரைக்கும் இது மீனுக்குக் கிடைக்கிற அவகாசம். குளத்தில் செடி இருந்தால் சில செடிகள் உப்பைத் தாங்காது, பார்த்துக்கொள்ளுங்கள்.

மீனின் நோய் எதிர்ப்பு சக்தியும் குளிரில் மந்தமாகத்தான் இருக்கும். அம்மோனியா எரித்த செவுள், பலவீனமான உடம்பு, இதற்கு நடுவில் நோய்க்கிருமி. "ஏதோ வியாதி" என்று நாம் சொல்வது பல சமயம் இந்த வரிசையின் கடைசிப் படிதான்.

"பாவம், பட்டினி கிடக்குதே!"

நம்ம வீடுகளில் இது பெரிய போராட்டம். ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வந்திருந்தால் இன்னும் பெரிய போராட்டம். கோயில் குளத்தில் பொரி போட்டுப் பழகின கை அது. வாயைத் திறக்கிற மீனைப் பார்த்துச் சும்மா இருக்கச் சொன்னால் மனசு கேட்காது. மிச்ச இட்லியைப் பிய்த்துப் போட்டுவிடுவார்கள்.

அவர்களிடம் கோபப்படாமல் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அம்மா, அந்தக் கோயில் குளத்துத் தண்ணி மார்கழியிலகூட இங்கத்த கோடைத் தண்ணி மாதிரி இருக்கும். அங்க மீனும் முழிச்சிருக்கு, அழுக்கைத் தின்கிற கிருமியும் முழிச்சிருக்கு. இங்க ரெண்டும் தூங்குது. தூங்குற பிள்ளை வாயில சோறு ஊட்டுவோமா?" புரிந்துவிடும்.

கெண்டை இனத்துக்கு இரைப்பையே கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகும். குளிரில் செரிமானமும் மிக மெதுவாகும். அதனால் கோய் வளர்ப்பவர்கள் பொதுவாக வைத்திருக்கிற பழக்கம் இது: தண்ணி 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் தீனி கிடையாது. 10 முதல் 15 வரை கோதுமை முளை கலந்த லேசான தீனி, ஒன்றிரண்டு நாளைக்கு ஒருமுறை, சில நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும். 15-ஐத் தாண்டி நிலையாக நின்ற பிறகுதான் வழக்கமான தீனி. அளவுகோல் காற்றின் சூடு இல்லை, தண்ணியின் சூடு. வெளியே 18 டிகிரி அடிக்கும்போது குளத்துக்குள் 8 இருக்கலாம்.

இலையுதிர் காலத்துல இருந்தே தொடங்குங்க

இலை விழும் முன்பே குளத்துக்கு மேலே வலை கட்டுங்கள். அடியில் அழுகுகிற இலை ஆக்சிஜனைத் தின்னும், அம்மோனியாவும் விடும். அடிச்சேற்றை அக்டோபரிலேயே எடுத்துவிடுவது நல்லது. குளிரில் அதைச் செய்தால் தூங்குகிற மீன் கலைந்து சக்தியை இழக்கும்.

ஃபில்டரை நிறுத்தலாமா, ஓடவிடலாமா? பிரிட்டன் மாதிரி மிதமான குளிர் உள்ள இடத்தில் ஓட்டத்தைக் குறைத்து ஓடவிடுவதே நல்லது. பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கிடைத்துக்கொண்டே இருக்கும். பம்பை மட்டும் அடியிலிருந்து கொஞ்சம் மேலே தூக்கி வையுங்கள், அடியில் இருக்கிற வெதுவெதுப்பான அடுக்கு கலையாமல் இருக்க. அருவி மாதிரி கொட்டுகிற அமைப்பு இருந்தால் நிறுத்திவிடுங்கள். அது குளிர்ந்த காற்றில் தண்ணியை இன்னும் குளிர வைக்கும்.

கனடா, நோர்வே மாதிரி குழாயே உறைகிற இடத்தில் நிறுத்தத்தான் வேண்டியிருக்கும். அப்போது ஸ்பாஞ்சை ஃபில்டருக்குள்ளேயே மூடி வைக்காதீர்கள். ஓட்டம் நின்ற பெட்டிக்குள் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோய் உள்ளே அழுகத் தொடங்கிவிடும். குளத்துத் தண்ணியிலேயே லேசாக அலசி, உறையாத கராஜிலோ பேஸ்மெண்டிலோ ஒரு வாளித் தண்ணியில் சின்ன ஏர் பம்ப் போட்டு வைத்தால், கொஞ்சமாவது உயிரோடு மிஞ்சும். பழைய மாவு ஒரு கரண்டி கலந்தால் புது மாவு சீக்கிரம் புளிக்கிற மாதிரி, அந்த மிச்சம் வசந்தத்தில் வேலையைச் சுருக்கும்.

ஐஸ் மூடினால் ஒரு இடத்திலாவது திறப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழே உருவாகிற கெட்ட வாயு வெளியேறாது. ஏர் பம்ப் குமிழியோ, மிதக்கிற சின்ன ஹீட்டரோ போதும். மூடிவிட்டால் சுத்தியலால் உடைக்காதீர்கள். அந்த அதிர்ச்சி மீனைத் தாக்கும். சுடுதண்ணிப் பாத்திரத்தை ஐஸ் மேல் வைத்து உருக்குங்கள்.

சித்திரை பிறக்குதுன்னு ஃபில்டரைக் கழுவாதீங்க

புத்தாண்டுக்கு வீடு கழுவுகிற கையோடு ஃபில்டரையும் ஹோஸ் பைப் வைத்துப் பளபள என்று கழுவிவிடுகிறவர்கள் உண்டு. அதைவிடக் கெட்ட நேரம் வருஷத்தில் வேறு கிடையாது. குழாய்த் தண்ணியில் பாக்டீரியாவைக் கொல்வதற்கென்றே குளோரினோ குளோராமினோ கலந்திருக்கு. குளிரில் தப்பின கொஞ்சநஞ்சத்தையும் அது முடித்துவிடும். டொராண்டோவில் பயன்படுத்துவது குளோராமின். அது ஒரு நாள் வாளியில் வைத்தால் போய்விடாது. குளோரின் நீக்கி சேர்த்தால் அது உடையும், ஆனால் உடையும்போது அம்மோனியாவும் வெளியாகும். எனவே அந்த அம்மோனியாவையும் கட்டுப்படுத்துகிற வகையைப் பார்த்து வாங்குங்கள். ஃபில்டரை அலசுவது எப்போதும் ஒரு வாளி குளத்துத் தண்ணியில், அதுவும் ஒரே நாளில் எல்லாவற்றையும் இல்லாமல் பாதி பாதியாக.

நிறுத்தி வைத்திருந்த ஃபில்டரை மறுபடி ஓட்டும்போது, உள்ளே தேங்கின கறுப்புத் தண்ணியை வெளியே கொட்டிவிட்டே இணைக்க வேண்டும்.

காரத்தன்மையையும் டெஸ்ட் பண்ணுங்கள். பனியும் மழையும் அதைக் கரைத்திருக்கும். குறைவாக இருந்தால் ஆப்ப சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

கடையில் விற்கிற "குளிர் தண்ணி பாக்டீரியா" பாட்டில்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் பல சேற்றையும் இலையையும் சிதைக்கிற இனங்கள். அம்மோனியாவை மாற்றுகிற இனம் இல்லை. சேறு குறைய உதவலாம். ஆனால் சேற்றைச் சிதைக்கும்போது வெளிவருவதும் அம்மோனியாதான். பாட்டிலை ஊற்றிவிட்டோம் என்று தீனியைக் கூட்டிவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் நோய் இல்லாத, நன்றாக ஓடுகிற குளம் இருந்தால், அங்கிருந்து ஒரு ஸ்பாஞ்ச் கேட்டு வாங்குவது எந்தப் பாட்டிலையும்விட நம்பகமானது.

பிள்ளைகிட்ட ஒரு வேலை குடுங்க

மார்ச் கடைசியிலிருந்து மே வரை ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நாலு பத்தி: தண்ணியின் சூடு, அம்மோனியா, நைட்ரைட், போட்ட தீனி. வாரத்துக்கு இரண்டு தடவை பிள்ளையே டெஸ்ட் பண்ணி எழுதட்டும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், அதற்குப் பின்னால் நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து, தொடர்ந்து இரண்டு வாரம் அப்படியே நின்றால் ஃபில்டர் முழித்துக்கொண்டது என்று அர்த்தம். அதற்குள் எண் ஏறினால் செய்ய வேண்டியது எளிது: தீனியை நிறுத்துங்கள், குளோரின் நீக்கிய தண்ணியால் பத்திலிருந்து இருபது சதவீதம் மாற்றுங்கள், ஏர் பம்பைக் கூட்டுங்கள், மறுநாள் மறுபடி டெஸ்ட் பண்ணுங்கள்.

தீனி டப்பாவின் மூடியில் "10 டிகிரி" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். தண்ணியில் ஒரு தெர்மாமீட்டர் மிதக்கட்டும். அந்த எண்ணைப் பார்க்காமல் டப்பாவைத் திறக்கக்கூடாது என்பது வீட்டு விதி. அது பாட்டிக்கும் சேர்த்துத்தான்.